போர்னியோவின் கத்திப் பாறைகள்: 2.4 கிலோமீட்டர், ஒரு முழு நாள்

இந்த மலையில் வழிகாட்டிகள் காலைப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். காலை 6 மணி வாக்கில் முகாமிலிருந்து கிளம்ப வேண்டும். 900 மீட்டர் குறியை 9 மணி வாக்கில் தொட்டுவிட வேண்டும். 2,000 மீட்டர் குறிக்கு அப்பால் ஏணிகள் தொடங்குகின்றன. அந்த இடத்தை 11 மணிக்குள் எட்டாதவர்களுக்கு அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. கெஞ்சிப் பார்க்கலாம், பலன் இருக்காது. வழிகாட்டி சிரித்த முகத்தோடு கீழே போகும் பாதையைக் காட்டிவிடுவார்.

மொத்தப் பாதையின் நீளமே 2.4 கிலோமீட்டர்தான். மெரினாவில் காலை நடை போகிறவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு சுண்டல் வாங்கப் போகும் தூரம். அதற்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று முதல் நாள் இரவு முகாமில் சிரித்துக்கொண்டிருப்பவர்கள், மறுநாள் முதல் 100 மீட்டரிலேயே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், போர்னியோ தீவின் வடபகுதியில் இருக்கிறது குனுங் முலு தேசியப் பூங்கா. மலாய் மொழியில் குனுங் என்றால் மலை. 528 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த மழைக்காடு. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பூங்காவுக்குப் பெயர் தந்த முலு மலை 2,376 மீட்டர் உயரம். அது மணற்கல் மலை. பயணிகளை இவ்வளவு தூரம் இழுத்து வருவதோ அதற்குப் பக்கத்தில் நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகள். அவற்றில் முக்கியமானது குனுங் அப்பி. அப்பி என்றால் நெருப்பு. எரிமலையெல்லாம் இல்லை. மழை பொய்க்கும் காலத்தில் உச்சியிலுள்ள காய்ந்த காடு தீப்பற்றி எரியுமாம், அதனால் வந்த பெயர் என்கிறார்கள்.

அந்த நெருப்பு மலையின் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், பச்சைக் காட்டைக் கிழித்துக்கொண்டு சாம்பல் நிறப் பாறைகள் ஈட்டிகளாக எழுந்து நிற்கின்றன. பெரியவை 45 மீட்டர் உயரம், அதாவது 15 மாடிக் கட்டடம் அளவு. அடியில் மரங்கள், மேலே கூர் முனைகள். யாரோ செதுக்கி நட்டு வைத்த மாதிரி. ஆங்கிலத்தில் பின்னக்கிள்ஸ் என்கிறார்கள். அவற்றைப் பத்து இருபது நிமிடம் பார்ப்பதற்காகத்தான் அந்த 2.4 கிலோமீட்டர்.

செதுக்கியது மழை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு எந்தக் கல்லைச் சுட்டுச் செய்யப்படுகிறதோ, அதே வகைக் கல்தான் இங்கே மலையாகக் கிடக்கிறது. இந்தப் பகுதி ஒரு காலத்தில் ஆழமில்லாத வெப்பக் கடல். பவளங்களும் சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து, 1,500 மீட்டருக்கும் அதிக கனமுள்ள கல்லாக இறுகின. பிறகு நிலம் மேலெழுந்தது. மழை பிடித்துக்கொண்டது.

வெறும் தண்ணீர் கல்லைக் கரைக்காது. ஆனால் மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு வருகிறது. காட்டு மண்ணில் மக்கும் இலைகளுக்கு இடையே இறங்கும்போது இன்னும் நிறைய. சோடாவில் இருப்பது போன்ற அந்த மெல்லிய அமிலம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் புகுந்து, துளித்துளியாகக் கல்லைக் கரைத்து எடுத்துப் போகிறது. முலுவில் ஆண்டுக்குச் சுமார் 5,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்குக்கு மேல். வெடிப்புகள் அகலமாகி, இடையில் இருந்த கல் காணாமல் போய், மீதி நின்றதுதான் இந்த ஈட்டிகள். மேலே ஈட்டி, உள்ளே குகை. இரண்டையும் செய்தது ஒரே தண்ணீர்.

இதில் நடைபயணிக்கு ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. இத்தனை மழை பெய்யும் காட்டில், ஏறும் பாதையில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஓடை இல்லை, சுனை இல்லை. பெய்வதெல்லாம் கல்லின் ஓட்டைகள் வழியே அடியில் போய்விடுகிறது. வெள்ளியங்கிரியில் ஏறிப் பழகியவர்கள் வழியில் சுனை இருக்கும் என்ற நினைப்பிலேயே வருவார்கள். இங்கே ஆளுக்கு 3 லிட்டராவது சுமந்தாக வேண்டும். அனுபவசாலிகள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஏறும்போதே பாதி வழியில் ஒரு பாட்டிலை மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இறங்கி வரும்போது அந்த பாட்டில் கண்ணில் படும் நிமிடம், உச்சியைப் பார்த்த நிமிடத்தைவிட இனிப்பானது.

சாலையே இல்லாத ஊர்

முலுவுக்குப் பேருந்தும் கிடையாது, காரும் கிடையாது. சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து கடல் தாண்டி மிரி, மிரியிலிருந்து சிறிய விசிறி விமானத்தில் அரை மணி நேரம். சரவாக்கில் இறங்கும்போது, ஏற்கெனவே மலேசியாவுக்குள் வந்துவிட்டவர்களும் மறுபடி பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். குடிநுழைவு விஷயத்தில் சரவாக் தன் அதிகாரத்தைத் தானே வைத்திருக்கிறது. கோலாலம்பூரிலேயே முத்திரை குத்தியாயிற்றே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுபவர்கள் மிரியில் வரிசையில் நின்று பெட்டியைக் குடைகிறார்கள்.

மிரியில் கிளம்பும் விமானத்தின் ஜன்னல் இருக்கை முக்கியம். முதலில் தெரிவது எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள். கோடு போட்ட நோட்டு மாதிரி வரிசை வரிசையாக. பிறகு பழுப்பு நிற ஆறு. பிறகுதான் ஒழுங்கற்ற, மேடு பள்ளமான, ப்ரோக்கோலி போலத் திரண்ட காடு. அது முடியும் இடத்தில் வெள்ளைச் செங்குத்துப் பாறைகள். அரை மணி நேரத்தில் போர்னியோவின் கதை முழுவதும் ஜன்னலில் ஓடிவிடுகிறது.

பின்னக்கிள்ஸ் நடைக்கு மூன்று பகல், இரண்டு இரவு. முன்கூட்டியே பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைப்பது சந்தேகம். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. முதல் நாள் மெலினாவ் ஆற்றில் நீளமான மரப்படகு. ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தால் படகு கூழாங்கற்களில் தட்டி நிற்கும். அப்போது பயணிகளும் இறங்கித் தள்ள வேண்டும். காசு கொடுத்துப் படகு தள்ளுகிறோமே என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. லித்துத் ஆறு வந்து சேரும் இடத்தில் இறங்கினால், அங்கிருந்து கேம்ப் 5 என்ற முகாம் வரை சுமார் 9 கிலோமீட்டர் சமதள நடை.

இந்தச் சமதளக் காட்டை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. எல்லோரும் மறுநாளை நினைத்துக்கொண்டே இதைத் தாண்டிவிடுகிறார்கள். அகலமான பலகை வேர்கள் விரிந்த மரங்கள், தொங்கு பாலங்கள், எங்கிருந்தோ கேட்கும் இருவாச்சியின் இறக்கைச் சத்தம். கறுப்பு இறக்கையில் மின்னும் பச்சைப் பட்டையோடு பறக்கிறது ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி. 1855-இல் ஆல்ஃப்ரெட் ரஸல் வாலஸ் என்ற இயற்கையியலாளர், அப்போது சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரை அதற்குச் சூட்டினார். கால் பக்கம் பார்த்தால் அட்டைகள். சாக்ஸை பேன்ட்டின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். மீதிப் பாதியை ரத்த தானமாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

கேம்ப் 5 ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் அப்பி மலை, எதிர்ப்பக்கம் பெனாரத் மலை, நடுவே மெலினாவ் ஆறு குடைந்த பள்ளத்தாக்கு. படுக்க மேடையும் பாயும், சமைக்க அடுப்பு உள்ள சமையலறையும் உண்டு. ஓட்டல் எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆறு மட்டும் அத்தனை ஏமாற்றங்களையும் சரிக்கட்டிவிடும். கண்ணாடித் தண்ணீர், ஐஸ் குளிர்ச்சி. பக்கத்து மேசைக்காரர்கள் பாக்கெட் நூடுல்ஸைக் கொதிக்க விடும்போது, நம்மூரிலிருந்து போகிறவர் பையிலிருந்து புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்தால் அன்றைய ராஜா அவர்தான்.

ஏணிக்கு முன்னால்

விடிந்ததும் ஏற்றம். பாதை என்ற சொல்லே தாராளம். மரவேர்களும் பாறை விளிம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் செங்குத்தான சரிவு. மண் கொஞ்சம்தான். வேர்கள் கல்லின் மேலேயே விரல்களைப் போலப் பிடித்துக்கொண்டு போகின்றன. பாறையின் ஓரங்கள் உடைந்த கண்ணாடி போல இருக்கின்றன. மழை கரைத்த கல் உருண்டையாகவில்லை. பக்கவாட்டில் கரைந்து கரைந்து விளிம்புகள் தீட்டப்பட்டிருக்கின்றன. தோட்ட வேலைக்கான கையுறை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அலட்சியப்படுத்தியவர்கள் இரண்டு மணி நேரத்தில் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விழுந்தால் அடி படுவதல்ல இங்கே பயம். வெட்டுப்படுவதுதான் பயம். ஆழமான வெட்டோடு ஒருவரைக் கீழே இறக்கி, 9 கிலோமீட்டர் நடத்தி, படகில் ஏற்றி, விமானத்தில் அனுப்ப வேண்டும். கடிகாரம் ஏன் அத்தனை கண்டிப்பானது என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரியும்.

900 மீட்டரில் ஒரு திறப்பு. குட்டி ஈட்டிகள் சில நிற்கின்றன. மினி பின்னக்கிள்ஸ் என்று பெயர். முதல் சலிப்பு இங்கேதான் வரும். சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும். காற்றில் ஈரம் அத்தனை இருப்பதால் வியர்வை ஆறுவதே இல்லை. உப்புக் கடலை, பேரீச்சம்பழம், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும்.

அதற்கு மேல் காடு உருமாறுகிறது. உயர்ந்த மரங்கள் குட்டையாகின்றன. கிளையெல்லாம் பாசி. குடுவைத் தாவரங்கள் வாயைத் திறந்துகொண்டு பூச்சிகளுக்காகத் தொங்குகின்றன. சத்துள்ள மண் இல்லாத இடத்தில் செடி சாப்பாட்டுக்கு வேறு வழி தேடிக்கொண்டது.

2,000 மீட்டர் குறியில்தான் நாடகம். இனி மிச்சம் 400 மீட்டர். அதில் அலுமினிய ஏணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினைந்துக்கும் மேல். சில ஏறக்குறைய நேர்செங்குத்து. இடையிடையே கயிறு, ஒரு கால் மட்டும் வைக்கக்கூடிய கம்பிகள், இரண்டு பாறைகளுக்கு நடுவே பாலமாகப் போட்ட ஒற்றைச் சட்டம். கீழே குனிந்தால் இருண்ட பிளவு.

குடும்பமாக, நண்பர்களாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறார்கள். மணி 10.50. ஒருவருக்கு மூச்சு சீராக இருக்கிறது. இன்னொருவருக்கு முழங்கால் நடுங்குகிறது. “ஏங்க, நீங்க போய்ட்டு வாங்க. நான் இதோட நிறுத்திக்கிறேன்” என்ற பேச்சும், “இவ்வளவு தூரம் வந்துட்டு என்ன இது, இன்னும் 400 மீட்டர்தானே” என்ற பதிலும் எந்த மொழியில் நடந்தாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். விமானச் செலவு, விடுப்பு, ஆறு மாத உடற்பயிற்சி எல்லாம் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நின்று தள்ளும்.

முழங்கால் நடுங்குபவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். காரணம், முலுவில் உச்சி என்பது பயணத்தின் பாதி கூட இல்லை. ஏற மூன்று நான்கு மணி நேரம் என்றால், இறங்க நான்கு ஐந்து மணி நேரம். ஏறும்போது கண்ணுக்கு முன்னால் இருந்த விளிம்புகள் இறங்கும்போது காலுக்கு அடியில் மறைந்துவிடும். தொடைகளில் பலம் தீர்ந்திருக்கும். பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் ஈர வேரும் ஈரக் கல்லும் சோப்பு தேய்த்த தரை மாதிரி. மழை கனத்தால் கிளம்பவே விடமாட்டார்கள், பாதியில் வலுத்தால் திருப்பிவிடுவார்கள். பணம் கட்டியவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். இருட்டிய பிறகு அந்தச் சரிவில் டார்ச் வெளிச்சத்தில் இறங்கி வந்தவர்களுக்கு அந்தக் கோபம் வராது.

ஏணிகளைத் தாண்டியவர்களுக்கு, மரக்கிளைகளுக்கு இடையே சட்டென்று ஒரு பால்கனி கிடைக்கிறது. எதிர்ச் சரிவில் ஈட்டிகள். மேகம் இறங்கி அவற்றின் இடுப்பை மறைத்துக்கொண்டும் விலகிக்கொண்டும் இருக்கும். சில நாள் முழுக்க மறைத்தே விடும், அன்று வந்தவர்களுக்கு வெள்ளைத் திரைதான். தெரியும் நாளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. வழிகாட்டி மட்டும் மணி பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கல்லிடம் தோற்றவர்கள் பட்டியல் பழையது. 1850-களில் புருணையில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஸ்பென்சர் செயின்ட் ஜான் முலு மலை ஏற முயன்று திரும்பினார். பின்னால் வந்த வெள்ளைக்காரர்களுக்கும் அதே கதி. உச்சிக்கு வழி கண்டுபிடித்தவர் பெரவான் இனத்தைச் சேர்ந்த தாமா நிலோங் என்ற காண்டாமிருக வேட்டைக்காரர். சுண்ணாம்புக்கல்லோடு மல்லுக்கட்டாமல் தென்மேற்கு மணற்கல் முகடு வழியே போக முடியும் என்பது வேட்டைக்காரருக்குத் தெரிந்திருந்தது. 1932-இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழுவில் வந்த எட்வர்ட் ஷாக்கிள்டன், அன்டார்டிகா புகழ் ஷாக்கிள்டனின் மகன், அதே தடத்தில்தான் உச்சியை அடைந்தார். அந்தக் காண்டாமிருகங்கள் இன்று சரவாக்கில் இல்லை.

யாருடைய காடு?

1974-இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1977-78-இல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி, ராபின் ஹன்பரி-டெனிசன் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளை இங்கே கொண்டுவந்து 15 மாதம் ஆராய்ந்தது. குகைகளின் பிரம்மாண்டம் உலகத்துக்குத் தெரிந்தது அதன்பிறகுதான். 1981-இல் மூன்று பிரிட்டிஷ் குகை ஆய்வாளர்கள் ஓர் ஆற்றைத் தொடர்ந்து மலைக்குள் போனார்கள். சுரங்கப் பாதையில் நடப்பதாக நினைத்துச் சுவர் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தவர்களுக்கு, எதிர்ச்சுவர் வரவே இல்லை. அது பாதையல்ல, ஒரே அறை என்பது வெகு நேரம் கழித்துத்தான் புரிந்தது. 600 மீட்டர் நீளம், 435 மீட்டர் அகலம், ஒரு தூண் கூட இல்லாத கூரை. பரப்பளவில் உலகின் மிகப் பெரிய குகை அறை அது. சரவாக் சேம்பர் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் காட்டுக்குள் காலங்காலமாக இருந்தவர்கள் பெனான், பெரவான் மக்கள். பெனான்கள் நாடோடி வேட்டைக்காரர்கள். காட்டுச் சவ்வரிசிப் பனையை இடித்து மாவெடுத்து, ஊதுகுழல் ஈட்டியால் காட்டுப்பன்றி வேட்டையாடி, இடம் மாறி இடம் மாறி வாழ்ந்தவர்கள். அவர்களில் பலரை ஆற்றோரக் குடியிருப்புகளில் அரசு அமர்த்தியது. பூங்காவுக்கு அருகிலுள்ள பத்து புங்கான் அப்படி ஒன்று. குகை பார்க்கப் போகும் படகுகள் அங்கே நின்று போகின்றன. பிரம்புக் கூடையும் மணிமாலையும் விற்கும் பெண்கள் பேரம் பேசச் சொல்லி யாரையும் வற்புறுத்துவதில்லை. ஒரு பிரம்புப் பையின் பின்னலில் போகும் நாட்களை நினைத்தால் பேரம் பேசாமல் வாங்குவதே நல்லது.

1984-இல் ஒரு பிரிட்டிஷ் குகை ஆய்வுக் குழுவோடு இங்கே வந்தவர் சுவிட்சர்லாந்தின் புரூனோ மான்ஸர். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர் பெனான்களைத் தேடிக் காட்டுக்குள் போய், ஆறு ஆண்டுகள் அவர்களோடு வாழ்ந்தார். மரம் வெட்டும் கம்பெனிகளின் லாரிகளைத் தடுத்து பெனான்கள் சாலையில் உட்கார்ந்த 1980-களின் போராட்டத்தை உலகச் செய்தியாக்கியவர்களில் ஒருவர். 2000-ஆம் ஆண்டு மறுபடி சரவாக் காட்டுக்குள் போனார். அதன்பின் யாரும் அவரைப் பார்க்கவில்லை. 2005-இல் சுவிஸ் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது.

பிரச்சினை பழங்கதையாகிவிடவில்லை. 2019-இல் பூங்காவின் எல்லையை ஒட்டிய காட்டை எண்ணெய்ப் பனைக்காக வெட்டத் தொடங்கியபோது, பெனான்களும் பெரவான்களும் மறியல் செய்தார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பது உலக பாரம்பரியம், வெளியே இருப்பது காலி நிலம் என்ற கணக்கு வரைபடத்துக்குப் பொருந்தலாம். இங்கே தண்ணீர் அந்தக் கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. வேட்டைப் பன்றியும் பார்ப்பதில்லை. வௌவாலும் பார்ப்பதில்லை.

மாலை 5 மணிக்குப் பிறகு

ஈட்டிப் பாறைகள் எல்லோருக்குமானவை அல்ல. சின்னக் குழந்தைகள், முழங்கால் வலிக்காரர்கள், உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர்கள் அதை விட்டுவிடலாம். அதனால் முலுவை இழந்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. பூங்கா அலுவலகத்தைச் சுற்றியே நான்கு நாளுக்குச் சரக்கு இருக்கிறது. மரத்துக்கு மரம் கட்டிய சுமார் 480 மீட்டர் தொங்கு நடைபாதையில் காட்டின் உச்சிக் கிளைகளுக்கு நடுவே நடக்கலாம். படகில் போய்க் காற்றுக் குகையும், இதுவரை 200 கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்டிருக்கும் கிளியர்வாட்டர் குகையும் பார்க்கலாம். குகையிலிருந்து வெளியே வரும் ஆற்று நீர் தேங்கும் குளத்தில் குழந்தைகளை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுவதுதான் சிரமம்.

மான் குகைக்கு மட்டும் மாலையில் போக வேண்டும். அலுவலகத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர், முழுக்க மரப்பலகை நடைபாதை. முன்காலத்தில் மான்கள் உப்பு நக்க ஒதுங்கியதால் அந்தப் பெயர். குகைப் பாதையின் நீளம் 2 கிலோமீட்டருக்கு மேல். கூரை சில இடங்களில் 120 மீட்டரைத் தாண்டுகிறது, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2009-இல் வியட்நாமின் சொன் தூங் அளக்கப்படும் வரை உலகிலேயே பெரிய குகைப் பாதை என்ற பெயர் இதற்குத்தான் இருந்தது. உள்ளே நுழைந்ததும் நெடி மூக்கில் ஏறும். இருபது முப்பது லட்சம் வௌவால்களின் எச்சம். கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் நடப்பது உத்தமம். எச்சக் குன்றுகள் டார்ச் வெளிச்சத்தில் நகர்வது போலத் தெரியும். நகர்வது கரப்பான்பூச்சிகள். முகம் சுளிக்கலாம். ஆனால் சூரியனே எட்டாத இடத்தில் ஓர் உலகமே அந்த எச்சத்தை நம்பித்தான் சாப்பிடுகிறது.

வெளியே வந்தால், குகை வாய்க்கு எதிரே திறந்தவெளியில் பெஞ்சுகள். மழை இல்லாத மாலைகளில் 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே, குகைக்குள்ளிருந்து முதலில் ஒரு புகைச்சுருள் மாதிரி ஏதோ வெளிவருகிறது. அடுத்து இன்னொன்று. பிறகு அறுபடாத கறுப்பு நாடா ஒன்று வானத்தில் நெளிந்து நெளிந்து போய்க்கொண்டே இருக்கும். சுருக்க உதட்டு வௌவால்கள், விரலளவே உள்ளவை. கூட்டமாகச் சுழன்று பறப்பது அழகுக்காக அல்ல. பாறை விளிம்பில் வௌவால்பருந்துகள் காத்திருக்கின்றன. தனியாக விலகியது அன்றைய இரை. பருந்து பாயும்போது நாடா கிழிந்து, மறுநொடி ஒட்டிக்கொள்கிறது.

பூங்கா எல்லைக்கு வெளியே, வயல்கள் மேலும் தோட்டங்கள் மேலும் அவை விடியும் வரை டன் கணக்கில் பூச்சிகளைத் தின்றுவிட்டு, அத்தனையும் திரும்ப அதே குகைக்கு வருகின்றன.

மழை பெய்தால் அவை கிளம்புவதில்லை. முலுவில் மழை பெய்யாத மாலை குறைவு என்பதால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கத் திட்டமிடுவது புத்திசாலித்தனம். வௌவால் வராத மாலையில் கூட்டம் கொஞ்சம் நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடும். அவசரமாகத் திரும்பாமல், டார்ச்சைக் கைப்பிடியின் மேல் அடித்துக்கொண்டே நடந்தால் அந்த 3 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு முழம் நீளக் குச்சிப்பூச்சி, கொம்பு வைத்த தவளை, இலையென்று நினைத்தால் நடந்து போகும் ஏதோ ஒன்று. பெரியவர்களைவிடக் குழந்தைகள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.